நடு நாற்காலி

குடும்பப் படம் என்று வந்துவிட்டால் ஸ்டூடியோ ஐயா யார் பேச்சையும் காதில் வாங்க மாட்டார். கேமராவை மகள் கையில் ஒப்படைத்துப் பல காலம் ஆகிவிட்டது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கண்ணும் முன்போல் இல்லை. ஆனால் யார் உட்காருவது, யார் நிற்பது, யாருக்குப் பக்கத்தில் யார் என்கிற அதிகாரத்தை மட்டும் அவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டமாக ஆட்கள் உள்ளே நுழைந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்பார். ஒரு சுற்றுப் பார்வையிலேயே பெரியப்பா யார், சித்தப்பா யார், மூத்த மருமகள் யார், வேண்டாவெறுப்பாக வந்த மாப்பிள்ளை யார் என்று பிரித்துவிடுவார். உரியவரை உரிய இடத்தில் நிறுத்திய பிறகுதான் மகளைப் பார்த்துத் தலையசைப்பார்.

"படம் எடுக்கிறது ஒரு நொடி. அது சுவத்துல தொங்கறது தலைமுறைக்கும். இளைய மாப்பிள்ளையை மூத்தவருக்கு முன்னாடி நிறுத்திட்டோம்னு வை, அந்த வீட்டுல சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க" என்பார்.

குடும்ப கௌரவம் என்பது அவருக்கு வெறும் சொல் அல்ல. அதற்கு ஓர் இருக்கை வரிசை உண்டு, அந்த வரிசையைக் காப்பவர் தாம் என்பது அவர் எண்ணம். தெருவுக்கும் அதில் மறுப்பு இல்லை. அதனால்தான் எதிர்க்கடை மருந்துக்காரர் அன்று காலை கடையைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு அவரைத் தேடி வந்தார்.

"ஐயா, ஒரு சிக்கல். என் கடைக்கு மேல மாடி வீட்டைக் கேட்டு ஆள் வந்திருக்காங்க."

"நல்லதுதானே தம்பி? காலியாத்தானே கிடக்குது?"

"வந்தது திருநங்கைங்க. ஆஸ்பத்திரி சமையல்கட்டுல தலைமைச் சமையலா ஒரு அம்மா இருக்காங்களே, அவங்களும் அவங்க ஆளுங்களும். அஞ்சு பேரும் இப்போ ஆளுக்கொரு மூலையில இருக்காங்களாம். ஒருத்தி விடுதியில, ஒருத்தி தையல்கடைப் பின்கட்டுல. சேத்து ஒரே வீட்டுல வைக்க எவனும் இடம் தரலையாம். குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவேன்னு போர்டைக் காட்டினேன். 'நாங்க குடும்பம்தானே'ன்னு அந்த அம்மா பட்டுனு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்கிற வேலையை உங்ககிட்டக் கொண்டாந்துட்டேன்." மருந்துக்காரர் சிரித்தார். "குடும்பம் எது, கும்பல் எதுன்னு உங்களைவிடத் தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல யாரு? நீங்க குடும்பம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சாவியைக் கொடுத்துடறேன். இல்லேன்னா இல்லே."

ஐயாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் ஊறியது. இல்லை என்கிற பதிலும் தயாராகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டவுடன் சொல்லிவிட்டால் வார்த்தைக்கு எடை இல்லாமல் போய்விடும் அல்லவா? "ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாளைக் கெடுத்தவள் அவருடைய மகள்தான்.

வாரப் பத்திரிகை ஒன்று அவளிடம் படக்கட்டுரை கேட்டிருந்தது: வேலை செய்து வாழும் திருநங்கைகள். அவளும் ஒரு மாதமாக அலைந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அது ஐயாவுக்குத் தெரியும். வெளியில் எங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், தொழில்தானே என்று கண்டும் காணாமல் இருந்தார்.

"அப்பா, நாளைக்கு அவங்க அஞ்சு பேரும் இங்க வராங்க. குடும்பப் படம் எடுக்க."

"இங்கயா?"

"அந்த அம்மா கேட்டாங்க. வேலை செய்யறதை எடுத்தே, சந்தோஷம், எல்லாரும் எடுத்துக்கற மாதிரி சேந்து ஒரு படம் எடுத்துக் கொடுன்னாங்க. எடுக்கறதுக்கு அவங்களுக்கு வீடு இல்லையே அப்பா."

"இந்த வாசல்ல பரம்பரை பரம்பரையா குடும்பம் குடும்பமா வந்து போயிருக்காங்க. நாளைக்குத் தெரு என்ன பேசும்?"

"தெரு எப்பவும்தான் பேசுது. போன வாரம் உங்க கைத்தடியைப் பத்திப் பேசிச்சு."

"என் கைத்தடிக்கு என்ன?"

"வேண்டாம் அப்பா, விடுங்க."

மறுநாள் ஐயா ஓரத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். தாளுக்குப் பின்னாலிருந்து ஓர் உறுமல் வந்தது. அதையே பதில் வணக்கமாக எடுத்துக்கொண்டு அவர்கள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்தார்கள். அதைத் தாளின் கீழ் விளிம்பு வழியாக ஐயா கவனித்தார். போன மாதம் வந்த பெரிய இடத்து ஆட்கள் பின்திரைத் துணிமேலேயே சேற்றுக் காலோடு நடந்தது நினைவுக்கு வந்தது. அது வேறு, இது வேறு என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

விளக்குகளைச் சரிசெய்தபடி மகள் சொன்னாள்: "உயரமா இருக்கறவங்க பின்னாடி போங்க. நடுத்தரமா இருக்கறவங்க இந்தப் பக்கம். குட்டையா இருக்கறவங்க உக்காருங்க."

செய்தித்தாள் படபடத்தது. ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. தாளை மடித்துக் கீழே போட்டார்.

"உயரத்தை வெச்சு அடுக்க இதென்ன பாத்திரமா? தள்ளும்மா!"

கைத்தடி தரையில் தட்டும் சத்தத்தோடு எழுந்து வந்தார். வழக்கம்போல ஒரு சுற்றுப் பார்வை. ஐந்து பேர். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்த இளம்பெண் ஒருத்தி, செவிலியராக இருக்க வேண்டும். நெட்டையாக ஒருத்தி, இடுப்பில் வண்டிச்சாவி. கழுத்தில் அளவுநாடா தொங்க மறந்துபோய் அப்படியே வந்துவிட்ட தையல்காரி. கட்டுமஸ்தாக, கருகருவென்ற கூந்தலோடு சமையல்காரம்மா. கடைசியாக, தலை முழுக்க நரைத்து, தடித்த மூக்குக்கண்ணாடி போட்டு, லேசாகக் கூன் விழுந்த ஒருவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நீங்க வாங்கம்மா" என்று நரைத்தவரை மரியாதையோடு அழைத்தார். "நடு நாற்காலி உங்களுது."

நரைத்தவர் அசையவில்லை. திருதிருவென்று மற்றவர்களைப் பார்த்தார். செவிலியப் பெண் வெள்ளைக் கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, கூச்சப்படாதீங்க. மூத்தவங்களுக்கு உள்ள இடம்."

"ஐயா" என்றார் நரைத்தவர், தயங்கித் தயங்கி. "நான் பேத்தி."

"யாருக்கு?"

நரைத்தவர் விரலை நீட்டினார். விரல் போய் நின்ற இடத்தில் கருங்கூந்தல் சமையல்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதாவது இளையவர்.

"இதோ, இவங்கதான் பாட்டி."

"பாட்டின்னு உரக்கச் சொல்லாதேடி. கேட்டாலே எனக்கு முட்டி வலிக்குது" என்றார் சமையல்காரம்மா. அவ்வளவுதான், அறை கொல்லென்று சிரித்தது. வண்டிக்காரி சுவரில் சாய்ந்து சிரித்தாள். மகள் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள். ஐயாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வாழ்நாளில் ஒரு குடும்பத்தின் நடு நாற்காலியை அவர் தவறவிட்டது இதுதான் முதல் தடவை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் விறைப்பாக. "யாருக்கு யார் என்ன உறவு?"

சமையல்காரம்மா சொன்னார்: "எங்களுக்குப் பொறந்த நாள் கணக்கு இல்லைங்க ஐயா, வீட்டுக்கு வந்த நாள் கணக்கு. யாரு முன்னாடி வந்தாங்களோ அவங்க மூத்தவங்க. நான் அம்மா. தையல்காரி என் மூத்த பொண்ணு. வண்டி ஓட்டறவ ரெண்டாவது. நர்ஸம்மா கடைக்குட்டி. இந்தக் கண்ணாடிக்காரி ஆலையில எழுத்தரா இருந்தா. அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு, அவங்க போன பிறகுதான், தலை நரைச்சு, எங்ககிட்ட வந்து சேந்தா. மூத்தவ அவளைத் தனக்குப் பொண்ணா எடுத்துக்கிட்டா."

"அப்போ இந்தச் சின்னப் பொண்ணு..."

"எனக்குச் சித்தி" என்றார் நரைத்தவர் பணிவாக.

"சித்தி சொல்றதை இவ கேக்கறதே இல்லைங்க ஐயா" என்று செவிலியப் பெண் புகார் சொன்னாள். "ரத்த அழுத்த மாத்திரையைப் போடுடின்னா ஒளிச்சு வெக்கிறா."

ஐயா சுட்டுவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார், அதன் கீழ் மூன்று கோடு, அதில் ஒன்றின் கீழ் இன்னொன்று. அவர் முகத்தில் இருந்த விறைப்பு மெல்ல மாறி, சிடுக்கான கணக்கு ஒன்றைக் கண்டவரின் உற்சாகம் வந்தது. எத்தனையோ சிக்கலான குடும்பங்களை அவர் அடுக்கியிருக்கிறார். அத்தை மகளே இரண்டாம் சம்சாரமாக வந்த வீட்டைக்கூட அடுக்கியிருக்கிறார். இது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது.

"நீங்க நடுவுல. மூத்தவ வலது பக்கம் பின்னாடி. ரெண்டாமவ இடது பக்கம். கடைக்குட்டி இந்தச் சின்ன நாற்காலியில. நீங்க..." நரைத்தவரைப் பார்த்துத் தடுமாறினார். வாழ்நாள் பழக்கம், நரைத்தவரை நிற்கவைக்க நாக்கு எழவில்லை. "பேத்திதான். ஆனாலும் முதுகு வளைஞ்சிருக்கே. பாட்டி மடியோரமா முக்காலி போட்டுத் தரேன். பேத்திங்க உக்காருற இடம்தான் அது. வரிசையும் கெடாது, முதுகுக்கும் நல்லது."

"நல்ல தீர்ப்புங்க ஐயா" என்றார் சமையல்காரம்மா. அவர் சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை.

ஆனால் பின்வரிசையில் ஒரு கோளாறு. தையல்காரி கிழக்குச் சுவரைப் பார்த்தாள், வண்டிக்காரி மேற்குச் சுவரைப் பார்த்தாள். இது ஐயாவுக்கு அத்துப்படி.

"என்ன தகராறு?"

"வண்டியைப் பின்னாடி எடுக்கறப்போ ஆஸ்பத்திரி கேட்டுல லேசா ஒரு இடி. அதை இவ ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டா" என்றாள் வண்டிக்காரி.

"லேசா? கேட்டே கழண்டு விழுந்துச்சு!" என்றாள் தையல்காரி.

சமையல்காரம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "என்ன பின்னாடி சத்தம்?" என்றார், அவ்வளவே. இருவர் முகங்களும் நேராகிவிட்டன. ஐயா வியந்து போனார். இதே காரியத்துக்கு மற்ற வீடுகளில் அவர் அரைமணி நேரம் தொண்டை வறளப் பேச வேண்டியிருக்கும்.

"ரெடியா?" என்றாள் மகள்.

"கை தட்டணுமா அக்கா?" என்று கேட்டாள் கடைக்குட்டி.

"எதுக்குக் கை தட்டறது?" என்றார் ஐயா.

"முன்னாடி ஒரு பத்திரிகைக்காரர் வந்தாருங்க ஐயா. கையைத் தூக்கித் தட்டுங்க, அப்போதான் நீங்க யாருன்னு படம் பாக்கறவங்களுக்குத் தெரியும்னாரு. இன்னொருத்தர் எங்களை இருட்டுல நிக்கவெச்சுப் பாதி மூஞ்சியை மட்டும் எடுத்தாரு. அழுங்கன்னு வேற சொன்னாரு."

"அழுதீங்களா?"

"நான் வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன். அழுகை தயாரா இருந்துச்சு" என்றார் சமையல்காரம்மா.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. படம் எடுத்துக்கொள்ள வந்தவரை அழச்சொல்பவன் என்ன தொழில்காரன்? "என் ஸ்டூடியோவுல அந்த வேஷமெல்லாம் கிடையாது" என்றார். "கையை மடியில வெச்சு, நிமிந்து உக்காரணும். வீட்டு ஆளுங்க வீட்டு ஆளுங்களாத் தெரியணும்."

"அதுக்குத்தான் ஐயா வந்தோம்."

மகள் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன், சமையல்காரம்மா கீழே பாராமலே கையை நீட்டி, முக்காலியில் இருந்த நரைத்த பேத்தியின் சரிந்த மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார். பேத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மகள் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாள்.

அன்று மாலை மருந்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ஐயா, யோசிச்சீங்களா?"

"இன்னும் இல்லே" என்றார் ஐயா. அது பொய் இல்லை. தயாராக வைத்திருந்த பதில் காலையோடு செல்லாக்காசாகிவிட்டது, புதிது இன்னும் கைக்கு வரவில்லை. ஆமாம் என்று சொல்லி, நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் மானம் கப்பலேறுவது இவருடையது. இல்லை என்று சொன்னால், இன்று கண்ணால் கண்டதை என்ன செய்வது?

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. மருந்துக்கடையில் ஒன்று, முடிதிருத்தும் கடையில் ஒன்று என்று தெரு முழுக்கச் சுற்றியது. ஆளுயர அண்டாவில் துடுப்பைப் போட்டுக் கிளறும் சமையல்காரம்மா. பல்லால் நூலைக் கடித்து அறுக்கும் தையல்காரி. வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் வண்டிக்காரி. கிழவர் ஒருவரைத் தோளில் சாய்த்து நடத்திப் போகும் கடைக்குட்டி. ஒருத்தரும் கை தட்டவில்லை, ஒருத்தரும் அழவில்லை.

"இந்த அம்மா கைக் கஞ்சியைக் குடிச்சுத்தான் நான் எழுந்து உக்காந்தேன்" என்றார் முடிதிருத்துபவர், பக்கத்தை ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராக நீட்டி. "யாரு சமைச்சதுன்னு அப்போ தெரியாது. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சேன்யா!"

"இந்தப் பொண்ணுதான் எங்க மாமனாருக்கு ஊசி போட்டது" என்றாள் பக்கத்து வீட்டு மருமகள். "அவர்கிட்ட யார் ஊசி போட்டாலும் திட்டுவாரு. இவளை மட்டும் திட்டலே."

ஐயாவும் வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் குடும்பப் படம். பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அம்மாடி! இங்க வா! என்ன செஞ்சு வெச்சிருக்கான் பாரு உன் பத்திரிகை ஆசிரியன்!"

இடம் போதவில்லையோ, இளமுகம் போதும் என்று நினைத்தார்களோ, படத்தின் பாதியை வெட்டியிருந்தார்கள். கடைக்குட்டியும் அவள் பின்னால் வண்டிக்காரியும் மட்டும் இருந்தார்கள். தாயின் முழங்கை ஒன்று ஓரத்தில் தெரிந்தது. மூத்தவளும் பேத்தியும் இல்லவே இல்லை.

"கேட்டேன் அப்பா. இடம் இல்லேன்னு சொல்றாங்க."

"நடு நாற்காலியை வெட்டினா அப்புறம் என்ன குடும்பப் படம்? தாயை வெட்டிட்டுப் பொண்ணைக் காட்டறானே, இவனுக்கு வீடு வாசல் இல்லையா?" கைத்தடி தரையைத் துளைத்துவிடும் போலிருந்தது. "முழுப் படத்தைப் பெருசாப் போட்டு எடுத்துட்டு வா. நல்ல சட்டம் போடு."

"எங்க வைக்க?"

"கேக்கற கேள்வியைப் பாரு. முகப்புக் கண்ணாடியிலதான்."

முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் இடம் கிடைப்பது அந்தத் தெருவில் சாமானியம் அல்ல. ஐயா கைப்படத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டுமே அது. அன்று மாலையே ஐந்து பேரும் அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்றார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. பலர் நரைத்த பேத்தியையும் கருங்கூந்தல் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து விவரம் கேட்டார்கள். ஐயா சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் காற்றில் கோடு போட்டு விளக்கினார். ஏதோ தாமே கண்டுபிடித்தது போல.

மூன்றாம் நாள் மரக்கடை முதலாளி வந்தார். கண்ணாடிப் பெட்டியில் பல வருஷமாக அவருடைய குடும்பம்தான் நடுநாயகம். அப்போது மருந்துக்காரரும் ஏதோ பேச வந்து உள்ளே இருந்தார்.

"என்ன ஐயா இது? எங்க வீட்டுப் பொம்பளைங்க படத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் இவங்களை வெச்சிருக்கீங்க? எங்க கௌரவம் என்ன ஆகறது?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கா?"

"இருக்காதா பின்னே? ஒண்ணு அவங்க இருக்கணும், இல்லே நாங்க இருக்கணும்."

"சரிங்க" என்றார் ஐயா.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மரக்கடைக் குடும்பத்தின் படத்தை மெதுவாக எடுத்து, தம் மேல்துண்டால் தூசி துடைத்து, முதலாளியின் கையில் கொடுத்தார்.

"உங்க கௌரவத்தைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோங்க. எப்போ வேணும்னாலும் திரும்பக் கொண்டாங்க, இடம் இருக்கும்."

முதலாளி படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். மருந்துக்காரர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன ஐயா இப்படிப் பண்ணிட்டீங்க? பெரிய இடமாச்சே!"

"இருக்கட்டும். உனக்கு ஒரு பதில் பாக்கி வெச்சிருக்கேன். இப்போ சொல்றேன், கேட்டுக்க." ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். "வெறும் கும்பலா இருந்தா நான் எங்க வேணும்னாலும் நிறுத்தியிருப்பேன் தம்பி. யாரை எங்க நிறுத்தினாலும் ஒண்ணுதான். இவங்களை அடுக்க எனக்கு வேர்த்துப் போச்சு. ஒருத்தியை மாத்தி உக்காரவெக்கப் பாத்தேன், அவங்களே திருத்தினாங்க. இடம் மாறினா தப்பாயிடும்னா, அது குடும்பம்."

"தெருவுல யாராவது கேட்டா?"

"என்னைக் கேக்கச் சொல்லு. ஐயா சொல்லித்தான் விட்டேன்னு சொல்லு. என் பேர் கெட்டா கெடட்டும், நான் பாத்துக்கறேன்."

மருந்துக்காரர் கண்ணாடிப் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்குப் போய், கல்லாவைத் திறந்து சாவியை எடுத்தார்.

குடிவந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை மருந்துக்காரர் மூச்சிரைக்க ஸ்டூடியோவுக்குள் ஓடி வந்தார்.

"நல்ல குடும்பத்தைக் குடிவெச்சீங்க ஐயா! சமையலறைக் குழாய் ஒழுகுதாம். மூத்தவ வந்து சத்தம் போட்டுட்டுப் போனா. போய்ப் பத்து நிமிஷம் ஆகலே, ரெண்டாமவ வந்து அதையே சொல்றா. அப்புறம் அந்தக் கண்ணாடிக்கார அம்மா வந்து, பாட்டி கோவமா இருக்காங்க, இறங்கி வந்துட்டா நல்லா இருக்காதுன்னு மிரட்டிட்டுப் போறாங்க. போதாக்குறைக்கு என் சம்சாரம் வேற அவங்க பக்கம் சேந்துக்கிட்டா!"

ஐயா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"குடும்பத்துக்கு மட்டும்னு போர்டு போட்டது நீதானே? போ, போய்க் குழாயை மாத்து."

எதிர் மாடியிலிருந்து யாரோ ஒருத்தி உரக்கக் கூப்பிடும் குரல் கேட்டது. மருந்துக்காரர் தெருவைக் கடந்து ஓடினார்.